உங்க வீட்டு நாய் எப்படி வந்து சேர்ந்தது?

தலவாக்கலையிலிருந்து:

எல்லாரும் நாய்க்குட்டி வாங்கிய கதை சொல்கிறீர்கள். எங்கள் நாயை யாரும் வாங்கவும் இல்லை, கொண்டுவந்து விடவும் இல்லை. அதுவாக வந்தது, அதுவும் ஒரே நாளில் வரவில்லை. முதலில் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு, அதாவது வரிசை வீடுகளுக்கு, முன்னால் தண்ணீர் ஓடுகிற கான் ஓரமாக நின்றது. ஒரு வாரம் போனதும் விறகுக் கட்டு மேல் ஏறிப் படுத்தது. ஜூன் மழை பிடித்துக்கொள்ள வீட்டு முன்திண்ணைக்கு, எங்கள் இஸ்தோப்புக்கு, வந்தது. அப்புறம் ஒரு நாள் விடியக்காலை அம்மாயி ரொட்டி சுட எழும்பிப் பார்த்தால், அடுப்படிச் சாம்பலில் சுருண்டு கிடக்கிறது! அம்மாயி விறகுக் கட்டையை ஓங்கினார். அது ஓடவில்லை, புருவத்தை மூக்குப் பக்கமாக லேசாகத் தூக்கிப் பார்த்தது, அவ்வளவுதான், கட்டை கீழே இறங்கிவிட்டது. "சரி, இந்தா தின்னுட்டுப் போ" என்று பாதி ரொட்டியைப் பிய்த்துப் போட்டார். தின்றது. போகவில்லை. ஏழு வருசம் ஆகிறது.

அந்தப் புருவத்தைத் தூக்குவதற்கென்றே நாய்க்கு ஒரு தசை இருக்கிறதாம், ஓநாயிடம் அது சரியாக வளரவே இல்லை என்று 2019இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஓநாயும் இப்படித்தான் நாயாகியிருக்கும் என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள்: பயம் குறைந்தவை ஆட்கள் தங்கிய இடத்தைச் சுற்றி மிச்சம் மீதியைத் தின்றுகொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்திருக்கின்றன. கானிலிருந்து அடுப்படிக்கு வர எங்கள் நாய்க்கு ஒரு மாதம், அதன் பாட்டன் பூட்டனுக்குப் பல ஆயிரம் வருசம். ரொட்டி விசயமும் சும்மா இல்லை. மாச்சத்தைச் செரிக்க உதவும் அமிலேஸ் மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிதான், நாயிடம் 4 முதல் 30 வரை என்று 2013இல் கண்டுபிடித்தார்கள். எங்களுடையது தேங்காய்ச் சம்பலோடு மூன்று ரொட்டி தின்னும், அதற்கு 30க்குக் குறையாது என்பது என் முடிவு.

பொகவந்தலாவையிலிருந்து:

எங்கள் பக்கம் சிறுத்தை நடமாட்டம் உண்டு, லயத்து நாய் என்றால் அதற்கு ரொம்ப இஷ்டம். முன்பு வைத்திருந்த நாயை ஒரு இரவு அப்படித்தான் பறிகொடுத்தோம், இரண்டு நாள் வீட்டில் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அதனால் இப்போதுள்ளது வீட்டுக்குள், நாங்கள் படுக்கிற காம்பராவில்தான் படுக்கும். தேயிலைப் பக்கம் ஏதாவது அசைந்தால் முதலில் ஒரு உறுமல், உடனே அப்பாவின் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டு அங்கிருந்தே லயம் முழுக்க எழும்பும்படி குரைக்கும். வளர்ந்த ஓநாய் அவ்வளவாகக் குரைக்காதாம். இது எல்லாருக்கும் சேர்த்துக் குரைக்கிறது. அப்பா எழும்பித் தாழ்ப்பாளைச் சரிபார்ப்பார், லைட் போடுவார். காவல் நடக்கிறதா இல்லையா, சொல்லுங்கள்.

பதுளையிலிருந்து:

காட்டு விலங்கு வீட்டு விலங்காவது எப்படி என்று பார்க்க, 1959இல் சைபீரியாவில் பெல்யாயேவ் என்ற விஞ்ஞானி நரிகளில் ஆளைக் கண்டு மிரளாதவற்றை மட்டும் பொறுக்கி இனம் பெருக்க ஆரம்பித்தார். சில தலைமுறையிலேயே வாலாட்ட ஆரம்பித்தன, போகப்போகக் காது தொங்கியது, வால் சுருண்டது, மேலில் வெள்ளைத் திட்டு விழுந்தது. அவர் பார்த்தது குணத்தை மட்டும்தான். எங்கள் செவலைக்கும் ஒரு காது தொங்கல், வால் சுருள், நெஞ்சில் வெள்ளை. கொழுந்து நிறுக்கிற நேரத்துக்குச் சரியாக மடுவத்துக்கு வந்து உட்கார்ந்துவிடும், அம்மாவின் கூடையை இறக்கிய பிறகுதான் எழும்பும். தலவாக்கலைக்காரரே, உங்கள் நாய்க்குப் பெயர் என்ன வைத்தீர்கள்?

தலவாக்கலையிலிருந்து:

நாங்கள் வைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் ரொட்டியைப் போடும்போது அம்மாயி "தின்னுட்டுப் போ, போ" என்பார் இல்லையா, அதையே அது பெயராக எடுத்துக்கொண்டது. இப்போது மலையில் எங்கே நின்றாலும் அம்மாயி "போ!" என்று ஒரு சத்தம் போட்டால் போதும், ஓடி வந்துவிடும்.