பரணில் கிடந்த துரை வீட்டு ரேசர்

குன்னூரிலிருந்து:

தாத்தா எஸ்டேட் பங்களாவில் சமையல்காரர். துரை சொந்த நாட்டுக்குக் கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போன ரேசர் எங்கள் வீட்டுப் பரணில், பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. ஐப்பசி அடைமழையில் வெளியே போக முடியாமல் பரணைக் குடைந்தபோது அகப்பட்டது. கைப்பிடி முழுக்கப் பச்சைக் களிம்பு. அடித் திருகைத் திருப்பினால் மேலே இரண்டு கதவுகளும் திறக்க வேண்டும். அசையவே இல்லை.

அம்மா உடனே புளியைக் கரைக்கப் போனார். குத்துவிளக்குக்கு அது சரி, இதற்கு வேண்டாம் என்று தடுத்தேன். உள்ளே பித்தளைதான், ஆனால் மேலே நிக்கல் முலாம். புளியிலோ வினிகரிலோ ஊறவிட்டால் முலாத்தையும் அரித்துவிடும். போன முலாம் போனதுதான்.

கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு நாலு சொட்டு, ஒரு மணி நேரம் ஊறல். பிறகு பழைய டூத் பிரஷ். கீல்களுக்குள் அந்தக் காலத்துச் சோப்பு சுண்ணாம்பு மாதிரி இறுகிக் கிடந்தது. பல்குச்சியால் நோண்டி நோண்டி எடுத்தேன். மூன்றாவது ஊறலில் திருகு கால் சுற்று நகர்ந்தது. நாலாவதில் ‘டக்’கென்று இரண்டு கதவும் எழுந்து நின்றன. மெல்லிசாக ஒரு சோப்பு வாசனையும் வந்தது. பாலிஷ் எதுவும் போடவில்லை. தாத்தாவின் கட்டைவிரல் பட்டுத் தேய்ந்த இடத்தில் பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. அது அப்படியே இருக்கட்டும்.

தலையின் அடியில் ‘ஏ 2’ என்று பொறித்திருந்தது. அமெரிக்காவில் செய்த ஜில்லெட் ரேசர்களில் 1950-களிலிருந்து இப்படிப் போட்டிருக்கிறார்கள்: எழுத்து வருஷத்துக்கு, எண் காலாண்டுக்கு. ஏ என்றால் 1955. 2 என்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை. தாத்தா கல்யாணத்தன்று இதில்தான் சவரம் செய்துகொண்டார் என்று அப்பா சொல்லிக் கேட்டே வளர்ந்தவன் நான். கல்யாணம் நடந்தது 1952-ல். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டில் கிடைத்ததையும் எழுதுங்கள்.

உதகையிலிருந்து:

எங்கள் அப்பா மார்க்கெட் பக்கம் சலூன் வைத்திருந்தார். அவருடைய சவரக்கத்திகள் மூன்று என்னிடம் இருக்கின்றன. மூன்றிலும் கத்திக்குப் பேர்போன ஜெர்மனி ஊரான சோலிங்கனின் முத்திரை. இரண்டுக்குக் கொம்புப் பிடி, ஒன்றுக்குச் செல்லுலாய்டு பிடி. கொம்புப் பிடிக் கத்திகளில் லேசான துருதான். செல்லுலாய்டு பிடிக்குள் மடிந்திருந்த கத்தியோ குழிகுழியாக அரித்துப்போயிருந்தது. செல்லுலாய்டு பழசாகி மக்கும்போது அமில ஆவி விடும், பக்கத்தில் இருக்கிற கத்தியையும் தின்னும். அதை உடனே தனிப் பெட்டிக்கு மாற்றினேன்.

முதல் கத்தியை அவசரப்பட்டுச் சாணைச் சக்கரத்தில் கொடுத்துவிட்டேன். பளபளவென்று வந்தது, ஆனால் வாயோரம் நீலம் பாய்ந்திருந்தது. சூட்டில் எஃகின் பதம் போய்விட்டது. இப்போது எவ்வளவு தீட்டினாலும் வாய் நிற்பதில்லை. அப்பா இருந்திருந்தால் ஒரு வாரம் என்னோடு பேசியிருக்க மாட்டார்.

அடுத்ததைக் கையாலேயே செய்தேன். தண்ணீரில் நனைத்த எமரி பேப்பர், 600-ம் நம்பரில் ஆரம்பித்து 2000 வரை; நம்பர் கூடக் கூடத் தாள் நைசாகும். நாலு சாயங்காலம் ஆனது. முதுகுப் பக்கத்துக் குழிகள் சில போகவில்லை, விட்டுவிட்டேன். வாயில் குழி இல்லை, அது போதும்.

அப்பா கடை சாத்துமுன் கத்திகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவார். எங்கள் ஊர்க் குளிரில் எண்ணெய் உறைந்தேதான் இருக்கும். விரலால் வழித்து, உள்ளங்கையில் தேய்த்து உருக்கிக்கொள்வார். தினமும் எடுக்கிற கத்திக்கு அது போதும். எடுத்து வைக்கிற கத்தியில் நாளாக ஆகச் சிக்குப் பிடிக்கிறது. நான் தையல் மெஷின் எண்ணெய்க்கு மாறிவிட்டேன்.

கோத்தகிரியிலிருந்து:

என்னிடம் இருப்பது இங்கிலாந்தின் ரோல்ஸ் ரேசர், பெட்டிக்குள்ளேயே பிளேடைத் தீட்டிக்கொள்ளும் வகை. தகரப் பெட்டியின் ஒரு மூடியில் தீட்டுக்கல், மறு மூடியில் தோல் வார். பழைய பொருள் கடையில் ஒட்டிய விலைச்சீட்டின் பசை எதற்கும் மசியவில்லை. நம் ஊர் யூகலிப்டஸ் தைலம் இரண்டு சொட்டில் வழித்துக்கொண்டு வந்துவிட்டது. உலோகத்தில் மட்டும் போடுங்கள், பிளாஸ்டிக் பிடியில் வேண்டாம். குன்னூர் அண்ணா, உங்கள் ரேசரில் யாராவது சவரம் செய்து பார்த்தீர்களா?

குன்னூரிலிருந்து:

பார்த்தோம் தம்பி. ஸ்பிரிட்டால் நன்றாகத் துடைத்து, புது பிளேடு மாட்டி, பொங்கலன்று காலையில் அப்பா கையில் கொடுத்தேன். கண்ணாடி முன் நின்று பாதி முகத்தில் நுரையோடு கல்யாணக் கதையை மறுபடி ஆரம்பித்தார். முழுக்கக் கேட்டேன்.