தெற்குவீட்டுச் சொந்தங்கள்: அப்பா பாலிசி ரினியூவல்

கார்த்தி: அப்பா ஹெல்த் பாலிசிக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதே கம்பெனியா, வேற மாத்தலாமா? எல்லாரும் சொல்லுங்க

சரோஜா அத்தை: அண்ணன் சாப்பிட்டாரா

கார்த்தி: ரெண்டு இட்லி அத்தை

முரளி சித்தப்பா: மாத்திரு. டிஸ்சார்ஜ் அன்னைக்குப் பட்டது போதாதா

உமா: காலைல 10 மணிக்கு ஆஸ்பத்திரி பில் அனுப்பியாச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி அப்ரூவல் வந்தது சாயங்காலம் ஆறரைக்கு. அப்பா வேட்டி மாத்திக்கிட்டு, ஊசி எடுத்த இடத்துல பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு கட்டில்லயே உக்காந்திருந்தார். கம்பெனில இருந்து ஒரு மெசேஜ் இல்ல

உமா: ஆனா ஆபரேஷனுக்கு மறுநாள் கரெக்டா வந்துச்சு, 'இன்று நடந்து பாயிண்ட் சேருங்கள்'னு 😡

ராமு மாமா: எல்லாரும் பொறுமையா படிங்க. 2024 மே 29 ஐஆர்டிஏஐ (இன்சூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கற அரசு ஆணையம்) சுற்றறிக்கைப்படி கேஷ்லெஸ், அதாவது கம்பெனியே நேரா ஆஸ்பத்திரிக்குக் கட்டச் சொல்லிக் கேட்டா 1 மணி நேரத்துல முடிவு சொல்லணும். டிஸ்சார்ஜுக்கு, ஆஸ்பத்திரி கேட்டதுல இருந்து 3 மணி நேரம். அதுக்கு மேல இழுத்து ஆஸ்பத்திரி கூடுதலா சார்ஜ் போட்டா, கம்பெனி தன் பங்குதாரர் பணத்துல இருந்து கொடுக்கணும். அன்னைக்கு எக்ஸ்ட்ரா ரூம் வாடகை யார் கட்டினது?

கார்த்தி: நான்தான் மாமா

முரளி சித்தப்பா: என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வீடு விக்கும்போதும் இப்படித்தான்

சரோஜா அத்தை: முரளி அதை இங்க எடுக்காத

சரோஜா அத்தை: ஞாயிறு வளைகாப்புக்கு வளையல் யார் வாங்குறது

செல்வி: நான் சொல்லிட்டேன் பெரியம்மா. அஞ்சு டஜன்

ராமு மாமா: மாத்துறதுல ஒண்ணு கவனிக்கணும். போர்ட் பண்ணா, அதாவது பழைய பாலிசியை அப்படியே வேற கம்பெனிக்கு மாத்தினா, வெயிட்டிங் பீரியடுல (சில நோய்க்கு கிளைம் பண்ண காத்திருக்கற காலம்) கழிஞ்ச வருஷம் வீணாகாது. ஆனா அத்தான் வயசுக்குப் புது கம்பெனி வேணாம்னு சொல்லலாம். இப்ப இருக்கறவன் கிளைம் பண்ணீங்கன்னு ரினியூவலை மறுக்க முடியாது. 60 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல பிரீமியம் ஏத்தணும்னா ஐஆர்டிஏஐகிட்ட கேட்டுத்தான் ஏத்தணும். 2025 செப்டம்பர் 22ல இருந்து ஜிஎஸ்டியும் இல்ல. நடை பாயிண்ட்டும் கெட்டதில்ல, ரினியூவல்ல தள்ளுபடி கிடைக்கும்

உமா: தள்ளுபடி யாருக்கு வேணும் மாமா. 'பில் பாத்துட்டிருக்கோம், நாலு மணி ஆகும்'னு ஒரு வரி வந்திருந்தா அப்பாவுக்குச் சோறாவது வாங்கிக் கொடுத்திருப்பேன். இப்ப கிளம்பிரலாம், இப்ப கிளம்பிரலாம்னு பசியோட உக்கார வச்சிட்டேன்

செல்வி: 😢 அக்கா

முரளி சித்தப்பா: இதைத்தான் சொல்றேன். மாத்து

ராமு மாமா: முதல்ல கம்பெனிக்கு எழுத்துல புகார் கொடு. அந்த மெசேஜ் விஷயத்தையும் சேர்த்து எழுது. அப்புறம் பீமா பரோசால (ஐஆர்டிஏஐயோட புகார் வெப்சைட்) போடு. 30 நாள்ல பதில் இல்லன்னா ஓம்பட்ஸ்மேன்கிட்ட (இன்சூரன்ஸ் புகாரை விசாரிச்சு தீர்ப்பு சொல்றவர்) போகலாம், ஆபீஸ் சென்னைலயே இருக்கு, காசு கிடையாது

கார்த்தி: ரூம் வாடகை ரசீது இருக்கு மாமா. புகார் நாளைக்கே போடறேன். ரினியூ பண்ணிரவா?

முரளி சித்தப்பா: எனக்கு மனசில்ல. வியாழக்கிழமை வரேன், அண்ணன்கிட்டயே கேப்போம்

சரோஜா அத்தை: அஞ்சு டஜன் பத்தாதுடி செல்வி