மெடிக்கல் போர்டு எழுதிய 'நானா'

என் வீட்டுக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். மலைப்பாதையில் கான்வாய் வண்டி உருண்டு தலையில் அடி. மூன்று மாதம் ஆஸ்பத்திரி, அப்புறம் லோ மெடிக்கல் கேட்டகிரி, அதாவது முழு உடல் தகுதி இல்லாதவர் என்ற பிரிவு. இரண்டு வருடம் கழித்து வலிப்பு ஆரம்பித்தது.

பணியிலிருந்து விடுவிக்கும்போது பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டில் வலிப்புக்கு 20 சதவீதம் ஊனம் என்று போட்டார்கள். பக்கத்திலேயே, பணியால் வந்ததும் அல்ல, பணியால் கூடியதும் அல்ல என்று ஒரு வரி. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இதை 'நானா' (NANA) என்பார்கள். அந்த வரியால் ஊன பென்ஷன் கிடைக்கவில்லை. “அடி வாங்கினதும் நானா, காரணமும் நானா?” என்றார் இவர். அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

போர்டு முன்னால் இருந்தது பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடமும் நன்றாகவே பேசினார். வீட்டில் கதை வேறு. வாசனையே தெரியாது. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்கும், பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். குக்கர் விசில் அடித்தால் காதைப் பொத்திக்கொண்டு கொல்லைக்கு ஓடுவார். படிவத்தில் இதற்கெல்லாம் கட்டம் ஏது?

அப்பீல் தள்ளுபடியானது. சோர்ந்துபோய்ச் சில வருடம் சும்மா இருந்துவிட்டோம். பிறகுதான் சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனோம். 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தரம்வீர் சிங் தீர்ப்பை வக்கீல் எடுத்து வைத்தார். அந்த தரம்வீர் சிங்குக்கும் வலிப்பு, அவருக்கும் 20 சதவீதம். சேரும்போது குறிப்பில் இல்லாத நோய் பிறகு வந்தால் பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்றால் நிரூபிக்க வேண்டியது படைத்தரப்பு என்பது அந்தத் தீர்ப்பு. அதோடு, யூனிட்டில் எழுதிய காய அறிக்கையின் நகல் டிரங்குப் பெட்டி அடியில், சீருடைக்குக் கீழே கிடைத்தது. ஜெயித்தோம்.

பதில் (ஓய்வுபெற்ற ராணுவ கிளார்க்): தங்கச்சி, 20-ஐ 50 ஆக்கினார்களா? 2014 ராம் அவதார் தீர்ப்புப்படி 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆக உயர்த்த வேண்டும். ஊன பென்ஷன் 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்றால், 50-க்கு 15 சதவீதம். கேட்காமலே விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பதில்: ஆக்கினார்கள் அண்ணே. ஆனால் அரியர்ஸ், வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருடத்துக்கு மட்டும்தான். சும்மா இருந்த வருடங்கள் போனது போனதுதான். வந்த பணத்தில் முதலில் இண்டக்ஷன் அடுப்பு வாங்கினேன். டைமர் வைத்தால் தானே அணைந்துவிடுகிறது.