சிரிக்க வைத்த கேம்கள்: எந்த இடத்தில் சிரித்தீர்கள், ஏன் சிரித்தீர்கள் என்று சொல்லுங்கள்

மினிட் விளையாடி முடித்து ஒரு வாரம் ஆகிறது, அந்தக் கலங்கரை விளக்கத் தாத்தா இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. 2018-ல் வந்த கேம், நான் இப்போதுதான் தள்ளுபடியில் வாங்கினேன். நாலு பேர் சேர்ந்து செய்தது, இரண்டே நிறம், கறுப்பும் வெள்ளையும். கடற்கரையில் ஒரு வாள் கிடக்கும். எடுத்த பிறகுதான் அது சபிக்கப்பட்ட வாள் என்று தெரியும், அதிலிருந்து நம் ஆயுள் 60 விநாடி. அது முடிந்ததும் செத்து வீட்டில் மறுபடி எழுந்திருப்போம். சேர்த்த பொருள்கள் நம்மிடமே இருக்கும், வெட்டிப்போட்ட நண்டுகள் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

இப்போது தாத்தா. கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் நிற்கிறார். பேச்சுக் கொடுத்தால் எழுத்தெழுத்தாகப் பேசுகிறார், அவ்வளவு நிதானம். மற்ற கேம்களில் வசனம் வந்தாலே பட்டனைத் தட்டித் தள்ளிவிடுவது என் பழக்கம், இங்கே எவ்வளவு தட்டினாலும் அவர் வேகத்தில்தான் வரும். மேலே விநாடி இறங்கிக்கொண்டே இருக்கிறது, இவர் பாதி வாக்கியத்தில் இருக்கிறார், நான் செத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்த முறை வழியில் ஒரு புல்லைக்கூட வெட்டாமல் நேராக ஓடி, அவர் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதைப் போல நின்று முழுவதையும் கேட்டேன். புதையல் இருக்கும் இடத்துக்குத் துப்பு சொன்னார்.

அவர் சொன்ன வாக்கியத்தை மட்டும் எழுதிக் காட்டினால் யாருக்கும் சிரிப்பு வராது. நம் ஆயுள் 60 விநாடி, அவர் பேச்சு மெதுவானது, இந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போதுதான் சிரிப்பு வருகிறது. அதோடு, அங்கே போக எது குறுக்குவழி என்று நமக்குத் தெரிந்தால்தான் பேச்சை முழுதாகக் கேட்க முடியும், ஆகவே அந்தச் சிரிப்புதான் அந்த இடத்துப் புதிரும். இப்படி இரண்டையும் ஒன்றாகவே வைத்த கேமை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்னொன்று, இதில் சாவதற்கென்றே தனியாக ஒரு பட்டன் வைத்திருக்கிறார்கள். முதலில் வெறும் விளையாட்டுத்தனம் என்று நினைத்தேன். தப்பான பக்கம் போய்விட்டால் மீதி 40 விநாடியைச் சும்மா கழிக்க வேண்டாம், உடனே வீட்டுக்குப் போகலாம் என்பதற்காக வைத்தது என்று போகப்போகப் புரிந்தது. விளையாடுபவரின் நேரத்தை மதிக்கிறவர்கள் செய்த வேலை. உங்களுக்கும் இப்படி ஓர் இடம் இருந்தால் எழுதுங்கள், சும்மா "சூப்பர் கேம்" என்று போகாமல் ஏன் என்று கொஞ்சம் சொல்லுங்கள்.

*

எனக்கு வாத்து கேம். அன்டைட்டில்ட் கூஸ் கேம், 2019. மெல்போர்னில் ஹவுஸ் ஹவுஸ் என்று ஒரு சின்னக் குழு செய்தது, கதை நடப்பது ஓர் இங்கிலாந்துக் கிராமத்தில். மினிட் மாதிரி வாள், சண்டை எதுவும் இதில் கிடையாது, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் என் அம்மா வாழ்க்கையில் முழுதாகப் பார்த்த ஒரே வீடியோ கேம் இதுதான்.

யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. செய்ய வேண்டிய சேட்டைகளின் பட்டியல் மட்டும் இருக்கும், அதை நான் வாசித்து அம்மாவுக்குச் சொல்வேன், எப்படிச் செய்வது என்று அம்மா சொல்லுவார். தோட்டக்காரரை அவருடைய வெயில் தொப்பியைப் போட வைக்க வேண்டும் என்று ஒன்று வரும். நான் அந்த வெயில் தொப்பியைத் தூக்கிக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தேன். "அவர் தலையில இருக்கிறத எடு, அப்பத்தானே இன்னொண்ணு போடுவாரு" என்றார் அம்மா. அவர் குனிகிற நேரம் பார்த்துப் பிடுங்கினேன், அப்படியே நடந்தது.

ஆனால் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தது கடைத்தெருவில். வாத்தைக் கண்டாலே நடுங்குகிற ஒரு சிறுவன், கையில் பொம்மை விமானம். அங்கே சந்தைக் கடை வைத்திருக்கும் பெண்மணி, தன் கடைப்பக்கம் எது கிடந்தாலும் எடுத்து விற்பனைக்கு அடுக்கிவிடுவார். பையனின் விமானத்தைப் பிடுங்கிக் கடையில் போட்டுவிட்டால், அந்தப் பிள்ளை தன் பொம்மையைத் தானே காசு கொடுத்து வாங்க வேண்டும். "அடப்பாவமே, அது அவனோடதுதானம்மா" என்று அம்மா திரையைப் பார்த்தே அந்தப் பெண்மணியிடம் சொன்னார்.

பிறகு யோசித்தபோது ஒன்று தெரிந்தது. ஆளுக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான் வைத்திருக்கிறார்கள். இவர் பொருளை எடுத்து அடுக்குவார், அவன் தன் பொருளைத் தேடி வருவான். இரண்டு பழக்கங்களை முட்டவிடுவது மட்டும்தான் வாத்தின் வேலை. பழக்கத்தைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை, அதனால்தான் கீபோர்டையே தொடாத அம்மா என்னைவிட வேகமாகக் கண்டுபிடித்தார். இசையும் அப்படித்தான். டெபுஸ்ஸி என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் பியானோ இசையைத் துண்டு துண்டாக்கி, வாத்து பதுங்கினால் மெதுவாகவும் துரத்தினால் வேகமாகவும் வருகிற மாதிரி கோத்திருக்கிறார்கள். நான் திருடப் போகும்போது பியானோ தயங்கித் தயங்கி நிற்பதிலேயே பாதிச் சிரிப்பு வந்துவிடும்.

*

மேலே அக்கா சொன்னதும், தொடங்கியவர் சொன்னதும் சரி. ஆனால் இப்படியே போனால் எழுதின வசனத்துக்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடும், அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டர்னிப் பாய் கமிட்ஸ் டாக்ஸ் இவேஷன், 2021. பெயரே கதை. வரி கட்டாத ஒரு டர்னிப் கிழங்குப் பையன், கடனை அடைக்க அந்த ஊர் மேயர் வெங்காயத்துக்கு ஏவல் வேலை செய்கிறான். மேலேயிருந்து பார்க்கிற பழைய செல்டா சாகச கேம்களின் பாணிதான், வாள், பூவாளி, செடி மாதிரி முளைக்கிற குண்டு. அவன் ஒரு வார்த்தை பேச மாட்டான். யார் எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும், வரி நோட்டீஸோ கடிதமோ, நம்மால் செய்ய முடிந்தது கிழிப்பதுதான். ஒரே பட்டன். அலுவலகம் அலுவலகமாகக் காகிதத்தோடு அலைந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் மனசு நிறையும், எனக்கு நிறைந்தது. ஒவ்வொரு காகிதத்திலும் என்ன எழுதியிருக்கிறது என்பது கடைசியில் முழுக் கதையாகச் சேரும், ஆகவே கிழிக்கும் முன்னால் படிக்கத் தோன்றும். இங்கே வசனமும் பட்டனும் கூட்டாளிகள்.

குறையும் சொல்ல வேண்டும். சண்டை வந்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஓடுகிறோம், வெட்டுகிறோம், திரும்ப ஊருக்கு வந்தால்தான் மறுபடி நகைச்சுவை. வாளைச் சுற்றுவதிலேயே ஒரு வேடிக்கை இருந்திருக்க வேண்டும். அப்புறம், வசனத்தில் பாதி ஆங்கில இணையத்தில் புழங்குகிற கேலி, பிளஸ் டூ படிக்கும் என் தங்கைக்குப் பாதிக்குமேல் எட்டவில்லை, ஒரு மணி நேரத்தில் எழுந்து போய்விட்டாள். அது அவள் தப்பு இல்லை. முழுக் கேமுமே சில மணி நேரம்தான் என்பதால் நான் ஒரே மூச்சில் முடித்தேன்.

*

மினிட் பற்றி மாற்றுக் கருத்து. எனக்கு அது பாதியில் அலுத்தது. எங்கே போக வேண்டும் என்று தெரிந்தபிறகும் அதே பாலம், அதே நண்டு, அதே பாதை, எட்டாவது முறை நடக்கும்போது நகைச்சுவை எதுவும் மிச்சமில்லை. வேறு வீடு ஒன்றைக் கண்டுபிடித்தால் அங்கிருந்து எழுந்திருக்கலாம் என்பது பெரிய நிம்மதி, அந்த வீடுகள் கொஞ்சம் முன்னாலேயே கண்ணில் பட்டிருக்கலாம். எனக்கு விரல் மூட்டில் வலி உண்டு, விநாடியை எண்ணிக்கொண்டே விளையாடுவது சிரமம். மூன்று மாதம் தொடாமல் வைத்து, பிறகு முடித்தேன். காபி குடித்த பிறகுதான் பெட்டியைத் தள்ளப் பலம் வரும் என்பது மட்டும் கடைசி வரை பிடித்திருந்தது, காலையில் நானும் அப்படித்தான். வாளைத் தயாரிக்கும் தொழிற்சாலை கதைக்குள் வந்ததும் கேம் ஒரு படி மேலே போய்விட்டது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

*

நான் கல்லூரிப் புராஜெக்டுக்காகச் சின்னதாக ஒரு கேம் செய்தேன், அதில் கற்றது இந்தப் பேச்சுக்கு உதவும் என்று தோன்றுகிறது. அதில் ஒரு பெட்டிக்கடைத் தாத்தா. சில்லறை கொடுத்தால் ஒவ்வொரு நாணயமாக எண்ணிப் பார்த்துத்தான் பொருள் தருவார், நம்மைத் துரத்திக்கொண்டு நாய் வந்துகொண்டிருக்கும். எழுதும்போது எனக்கே சிரிப்பு. விளையாடிப் பார்க்க என் மாமா பையனிடம் கொடுத்தேன். முதல் முறை சிரித்தான். இரண்டாவது முறை கடைக்கு வந்தபோது முகம் மாறியது. ஐந்தாவது முறை, "இந்தக் கிழவர எப்படிக் கொல்றது" என்று கேட்டான்.

எங்கே தப்பு என்று ரொம்ப நாள் புரியவில்லை. கலங்கரை விளக்கத் தாத்தாவைப் பற்றி இங்கே படித்த பிறகுதான் பிடிபட்டது: அவர் பேச்சை ஒரே ஒரு முறை முழுதாகக் கேட்டால் போதும். அவர் கொடுப்பது பொருள் இல்லை, செய்தி, அது நம் மண்டையில் தங்கிவிடும், செத்தாலும் போகாது. மறுபடி அவரிடம் போகவே வேண்டாம். என் தாத்தாவிடமோ ஒவ்வொரு முறையும் போய்த்தான் ஆக வேண்டும். சிரிப்புக்காக ஒரு முறை மட்டும் வாங்க வேண்டிய விலையை நான் திரும்பத் திரும்ப வசூலித்திருக்கிறேன்.

மாற்றியும் பார்த்தேன். முதல் முறை எண்ணுவார், இரண்டாவது முறை நம்மைப் பார்த்ததுமே பொருளை எடுத்து நீட்டிவிடுவார், எண்ணுவது கிடையாது. இப்போது மாமா பையன் இரண்டாவது முறையில்தான் அதிகம் சிரிக்கிறான், அவர் மறுபடி எண்ணப்போகிறார் என்று நாயைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவதால்.

*

தொடங்கியவன்தான். விரல் வலி பற்றி எழுதியவருக்கு: நீங்கள் சொன்னது நியாயம், அந்தக் கோணத்தில் நான் யோசிக்கவே இல்லை. மினிட்டை ஒரு முறை முடித்தால் இரண்டாவது ஆட்டம் திறக்கும், அதில் ஆயுள் 40 விநாடி, அடி தாங்கும் இதயம் ஒன்றே ஒன்று, தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

பெட்டிக்கடைத் தாத்தாவை விளையாட எங்காவது ஏற்றியிருக்கிறீர்களா தம்பி? இருந்தால் சொல்லுங்கள். என் தம்பிக்குச் சனிக்கிழமை பரீட்சை முடிகிறது, அவனை உட்காரவைத்து விளையாட விட்டு, எந்த இடத்தில் சிரிக்கிறான், எந்த இடத்தில் முகம் மாறுகிறது என்று பார்த்து எழுதி அனுப்புகிறேன்.