அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போக முதல் கார்: 2.5 லட்சத்துக்குள்ள எதை எடுக்கலாம்?

பாபநாசத்துப் பையன்

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்ல இதுவரைக்கும் கார் வாங்கினதில்ல. நான் லைசென்ஸ் எடுத்தே ஆறு மாசம்தான் ஆகுது. அம்மாவுக்கு வாரத்துல ரெண்டு நாள் தஞ்சாவூர்ல டயாலிசிஸ். போகும்போது எப்படியோ பஸ்ல போயிடறாங்க. முடிச்சுட்டு வரும்போது நிக்கவே தெம்பு இருக்கறதில்ல, வாடகைக் கார்தான். மாசக் கடைசியில கணக்குப் பார்த்தா வயித்தைக் கலக்குது. அதான் சொந்தமா ஒண்ணு எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

கையில இருக்கறது 2.5 லட்சம். கடன் வாங்க இஷ்டமில்ல. மூணு வண்டி பார்த்து வெச்சிருக்கேன். 2012 வேகன்ஆர் எல்எக்ஸ்ஐ, மீட்டர்ல 58,000 கிலோமீட்டர், திருச்சியில ஒரு புரோக்கர்கிட்ட நிக்குது, 2.4 லட்சம் சொல்றார். 2014 ஆல்டோ 800, ஒரே ஓனர், 45,000 ஓடினது, 2.1 லட்சம். அப்புறம் 2011 ஃபிகோ டீசல், 1.5 லட்சம். டீசல்னா மைலேஜ் கொடுக்கும், அதையே எடுன்னு மாமா சொல்றார். எனக்கு வேகன்ஆர் மேலதான் மனசு. பார்க்கப் புதுசு மாதிரி இருக்கு. ஞாயித்துக்கிழமைக்குள்ள 10,000 டோக்கன் கொடுக்கலைன்னா வேற ஆளுக்குப் போயிடும்னு புரோக்கர் அவசரப்படுத்தறார். என்ன பண்ணலாம்?

நொய்யல்கரை

டோக்கனை முதல்ல நிறுத்துங்க தம்பி. வண்டியை மெக்கானிக் பார்க்காம ஒரு ரூவா கூடக் கொடுக்க வேண்டாமுங்க.

மாமா சொன்ன டீசல் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். தஞ்சாவூர் போய் வர 50 கிலோமீட்டர், வாரத்துக்கு ரெண்டு தடவைன்னா மாசம் 400. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 17 கொடுத்தா 23, 24 லிட்டர். டீசல் 20 கொடுத்தா 20 லிட்டர். இன்னிக்கு விலைக்கு மாசம் 500 ரூவா சொச்சம்தானுங்க மிச்சமாகுது. பழைய டீசல்ல இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை கையைக் கடிச்சா பல வருச மிச்சம் அதுல போயிரும். அதுபோக, ஃபோர்டு இந்தியாவுல வண்டி தயாரிக்கறதை நிறுத்தறதா 2021லயே அறிவிச்சுட்டாங்க. வண்டி நல்ல வண்டிதானுங்க, பார்ட்ஸும் கிடைக்குது. ஆனா பாபநாசத்துல நின்னு போச்சுன்னா சாமானுக்கு ரெண்டு நாள் காத்திருக்க உங்களால முடியுமுங்களா? அம்மாவுக்கு அந்த ரெண்டு நாள் தள்ளிப்போட முடியாத நாளு.

இன்னொண்ணு, 2.5 லட்சம் இருந்தா 2.1க்குள்ள வண்டியைப் பாருங்க. டயர், பேட்டரி, ஆயில், இன்சூரன்ஸ், பேர் மாத்தற செலவுன்னு முதல் மாசமே 30,000, 40,000 இழுத்துரும்.

பட்டறை

தம்பி, 22 வருசமா மெக்கானிக் தொழில்ல இருக்கேன். முதல்ல ஒரு விசயம். டயாலிசிஸ் முடிஞ்சு வர்றவங்களுக்கு ஆல்டோ வேணாம். சீட்டு தாழ்வு, குனிஞ்சு இறங்கி உக்காரணும், எந்திரிக்கும்போது கை கொடுத்துத் தூக்கணும். வேகன்ஆர்ல சீட்டு இடுப்பு உயரத்துல இருக்கும், அப்படியே உக்காந்து காலை உள்ள வெச்சுக்கலாம். ஆல்டோ 800 இன்ஜின்ல டைமிங் பெல்ட்னு ஒரு பட்டை, காலாகாலத்துல மாத்தலைன்னா அறுந்து வண்டி நடுவழியில நின்னுடும். வேகன்ஆர் கே10 இன்ஜின்ல அதுக்குப் பதிலா செயின், அந்தக் கவலை கம்மி. அதனால மாடல் நீ பார்த்தது சரிதான். ஆனா அந்த வண்டி சரியான்னு நேர்ல போனாத்தான் தெரியும்.

காலையில சீக்கிரம் போ. நான் வர்றதுக்குள்ள ஸ்டார்ட் பண்ணி வெக்காதீங்கன்னு முந்தின நாளே சொல்லிடு. போனதும் பானட் மேல கையை வெச்சுப் பாரு. சூடா இருந்தா எதையோ மறைக்கத்தான் ஓட்டி வெச்சிருக்காங்க. சூடேறாத இன்ஜினை ஸ்டார்ட் பண்ணும்போது பின்னாடி ஒரு ஆளை நிறுத்து. நீலப் புகைன்னா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை சூடானப்புறமும் நிக்காம வந்தா தண்ணி உள்ள போகுது. ஆயில் ஊத்தற மூடியைக் கழட்டி அடிப்பக்கம் பாரு, பாலாடை மாதிரி வெளுத்து ஒட்டியிருந்தா அந்த வண்டியை விட்டுட்டு வந்துடு.

கிளட்ச் பார்க்க ஒரு வழி இருக்கு. சமதரையில ஹேண்ட் பிரேக்கை இழுத்துட்டு, மூணாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவா விடு. இன்ஜின் ஆஃப் ஆகணும். ஆஃப் ஆகாம உறுமிக்கிட்டே நின்னா கிளட்ச் பிளேட் தேஞ்சாச்சு. அப்புறம் ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு மெதுவா வட்டம் அடி, டக் டக்னு சத்தம் வந்தா ஆக்ஸில் செலவு இருக்கு. ஏசியைப் போட்டு கால் மணி நேரம் நின்ன இடத்துல ஓட விடு, ஓடும்போது எல்லா ஏசியும் குளிரும்.

58,000ங்கறதை அப்படியே நம்பாதே. பிரேக் பெடல் ரப்பர், ஸ்டியரிங் பளபளப்பு, டிரைவர் சீட்டு ஓரம் இதெல்லாம் பொய் சொல்லாது. டயர்ல நாலு இலக்கம் இருக்கும், 2319ன்னா 2019ல 23ஆவது வாரம் செஞ்சது. முக்கியமா ஆயில் மாத்தினப்ப ஒட்டின ஸ்டிக்கரைத் தேடு. டிரைவர் கதவு இடுக்குலயோ பானட்டுக்கு அடியிலயோ இருக்கும், அடுத்த சர்வீஸ் எத்தனை கிலோமீட்டர்னு எழுதியிருப்பாங்க. மீட்டரைத் திருப்பறவன் அதைக் கிழிக்க மறந்துடுவான்.

வேளச்சேரி வாசி

அந்த வண்டி சென்னையில் ஓடியிருந்தால் வெள்ளத்தில் நின்றதா என்றும் பாருங்கள். நான் 2016இல் பட்ட அடி இது. வெளியில் பாலிஷ் போட்டு மின்னியது. மூன்றாவது மாதம் பவர் விண்டோ நின்றது, பிறகு மீட்டர் போர்டு, பிறகு ஒவ்வொன்றாக வயரிங் எல்லாம் போனது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டி என்பது அப்புறம்தான் தெரிந்தது. 2023 டிசம்பரிலும் ஏராளமான கார்கள் இங்கே தண்ணீரில் நின்றன.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் நின்றிருந்தால் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். அதை யாரும் கழுவுவதில்லை. சீட்டுக்கு அடியில் தண்டவாளம் மாதிரி இருக்கும் கம்பியில் துரு, தரைவிரிப்பைத் தூக்கினால் வண்டல், ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண். இவற்றில் ஒன்று இருந்தாலும் என்ன விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

படிவம் 29

வண்டியைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் அழுதுகொண்டு வருபவர்களில் பாதிப்பேர் காகிதத்தால்தான் வருகிறார்கள்.

எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போடுங்கள். எத்தனையாவது ஓனர், பதிவு எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, கடன் இருக்கிறதா என்று காட்டும். ஹைப்பாதிகேஷன் என்று வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதத்தோடு படிவம் 35 கொடுத்து அதை நீக்கிய பிறகே பணம். இ-சலான் தளத்தில் பாக்கி அபராதம் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புரோக்கரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆர்சி (பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது, அவர் எங்கே? பெயர் மாற்ற விற்பவர் படிவம் 29, வாங்குபவர் படிவம் 30. முதல் ஓனர் எப்போதோ கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு வண்டி மூன்று கை மாறியிருக்கும். அந்த மனிதர் வெளிநாட்டில் இருக்கலாம், இறந்தே போயிருக்கலாம். இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழ், படிவம் 31 என்று அலைய வேண்டும். ஆர்சியில் பெயர் உள்ளவரை நேரில் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

டில்லி வண்டி, கேரளா வண்டி என்று யாராவது மலிவாகச் சொன்னால், என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே மறுபதிவு செய்து தமிழ்நாட்டு வரியும் கட்டிய பிறகு அந்த மலிவு எங்கே போகும் என்று கணக்குப் பாருங்கள். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 வருடம். 2012 வண்டிக்கு 2027இல் முடியும். அப்போது புதுப்பிக்கும் கட்டணம், பசுமை வரி, எஃப்சி என்ற தகுதிச் சான்றுக்கு முன்னால் டிங்கரிங், பெயின்ட் எல்லாம் உங்கள் தலையில்தான்.

பாபநாசத்துப் பையன்

இன்னிக்குப் போயிட்டு வந்தேன். டோக்கன் கொடுக்கல. நடந்ததை அப்படியே சொல்றேன்.

நான் போகும்போதே வண்டியை ஸ்டார்ட் பண்ணி ஓட விட்டிருந்தாங்க. ஆஃப் பண்ணச் சொல்லி ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன். புகை இல்ல, கிளட்ச் பரவாயில்ல, சீட் பெல்ட் சுத்தமா இருந்தது. எனக்கு ஆசை வந்துடுச்சு. கடைசியா அந்த ஸ்டிக்கரைத் தேடினேன். கதவு இடுக்குல கிழிச்சுட்டாங்க, பசை மட்டும் இருந்தது. பானட்டுக்கு அடியில, பேட்டரிக்குப் பின்னாடி இன்னொண்ணு இருந்தது, எண்ணெய் படிஞ்சு. துடைச்சுப் பார்த்தா அடுத்த சர்வீஸ் 1,12,000ன்னு எழுதியிருக்கு. மீட்டர்ல 58,000. போட்டோ எடுத்தேன். அது வேற வண்டியோட ஸ்டிக்கர்னு புரோக்கர் சொன்னார். ஆர்சி ஓனர் யாருன்னு கேட்டதுக்கு, சவூதியில இருக்கார், கையெழுத்தெல்லாம் வாங்கி வெச்சாச்சுன்னார்.

வந்துட்டேன். பஸ்ல வரும்போது மனசு ரொம்ப கஷ்டமா இருந்தது. மறுபடியும் முதல்லேர்ந்து தேடணும்.

நொய்யல்கரை

உங்க பணம் பத்திரமா இருக்குதுங்க தம்பி. 2.4 லட்சம் கொடுத்துட்டு அந்த ஸ்டிக்கரைப் பார்த்திருந்தா என்ன ஆகியிருக்கும்?

பட்டறை

மனசு விடாதே. இப்ப நான் சொல்றதைச் செய். இணையத்துல தேடறதை நிறுத்திட்டு உங்க ஊர்ல, கும்பகோணத்துல, மாயவரத்துல இருக்கற நல்ல பட்டறைகளுக்கு நடந்து போ. அண்ணே, நீங்களே ஆரம்பத்துலேர்ந்து சர்வீஸ் பார்க்கற வேகன்ஆர் எதாவது விலைக்கு வருதான்னு கேளு. எங்ககிட்ட ரிட்டயர்டு வாத்தியார், பேங்க் ஆபீசர் வண்டியெல்லாம் பத்து வருசமா வரும். வயசாகி ஓட்ட முடியாம விக்கணும்னு நினைக்கறப்ப முதல்ல மெக்கானிக்கிட்டதான் சொல்லுவாங்க. அந்த வண்டி விளம்பரத்துக்கே வராது. மெக்கானிக்குக் கையில ஏதாவது கொடுக்கணும், கொடு. அது நியாயமான காசு.

வேகன்ஆர்ல எல்எக்ஸ் மாடல் வேணாம், அதுல பவர் ஸ்டியரிங் கிடையாது. எல்எக்ஸ்ஐயோ விஎக்ஸ்ஐயோ பாரு. உன் பணத்துக்கு வர்ற வண்டியில பெரும்பாலும் ஏர்பேக் இருக்காது. 2019 ஜூலைக்கு அப்புறம் செஞ்ச வண்டிகள்லதான் டிரைவர் பக்கமாவது கட்டாயம். அதனால பின் சீட்டு பெல்ட் வேலை செய்யுதான்னு பார்த்து வாங்கு, அம்மாவுக்குப் போட்டு விடு, 60க்கு மேல போகாதே.

பாபநாசத்துப் பையன்

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். வண்டி கிடைச்சிடுச்சு! மாயவரத்துல ஒரு பட்டறை அண்ணன் மூலமா. 2013 வேகன்ஆர் விஎக்ஸ்ஐ, ஒரே ஓனர், ரிட்டயர்டு தலைமையாசிரியர். 71,000 ஓடியிருக்கு, சர்வீஸ் பில் எல்லாம் தேதி வாரியா ஒரு ஃபைல்ல கோத்து வெச்சிருந்தார். 2.15 கேட்டார். அம்மா விசயத்தைச் சொன்னதும் ரெண்டு லட்சத்து அஞ்சாயிரத்துக்குக் கொடுத்தார். பேர் மாத்த அவரே கூட வந்தார். ஓடிபி அவர் போனுக்குத்தான் வந்தது. பின்னாடி ரெண்டு டயரும் பேட்டரியும் மாத்தினேன்.

இப்ப ஒரு பயம். நேத்து ஏசி போட்டுட்டு தஞ்சாவூர் போய் வந்தப்புறம் பார்த்தா, முன்னாடி இடது பக்கம் கால் வைக்கற இடத்துல தண்ணி. பாய் நனைஞ்சு சொதசொதன்னு இருக்கு. இதுவும் வெள்ளத்துல நின்ன வண்டியா?

பட்டறை

பயப்படாதே. அந்தத் தண்ணியை ரெண்டு விரல்ல தேய்ச்சுப் பாரு. பிசுபிசுன்னு இருந்து இனிப்பு வாசனை அடிச்சா கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கற திரவம், ஹீட்டர் பக்கம் ஒழுகுது, உடனே பார்க்கணும். வெறும் தண்ணியா இருந்தா ஏசி தண்ணி. ஏசிப் பெட்டியிலேர்ந்து தண்ணி வெளியே போக ஒரு சின்னக் குழாய் இருக்கும், அது தூசி அடைச்சிருக்கும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதான்னு பாரு. சொட்டலைன்னா அதேதான். பட்டறையில காத்து அடிச்சா அஞ்சு நிமிசம்.

படிவம் 29

வாழ்த்துகள். பெயர் மாற்றத்தை இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் 14 நாளுக்குள் தெரிவித்துவிட்டீர்களா? தர்ட் பார்ட்டி பாதுகாப்பு, அதாவது அடுத்தவருக்கு ஏற்படும் சேதத்துக்கானது, வண்டியோடு வந்துவிடும். ஆனால் உங்கள் வண்டிக்குச் சேதம் என்றால், பாலிசி உங்கள் பெயருக்கு மாறாமல் க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். தலைமையாசிரியரின் நோ கிளெய்ம் போனஸ் (க்ளெய்ம் கேட்காததற்கான பிரீமியத் தள்ளுபடி) அவருடையது, அந்த வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும்.

பாபநாசத்துப் பையன்

வெறும் தண்ணிதான் அண்ணே. அடியில ஒரு சொட்டுக்கூட விழல. பட்டறையில காத்து அடிச்சதும் குழாய்லேர்ந்து மண்ணும் ஒரு குளவிக்கூடும் வந்தது, அப்புறம் சடசடன்னு ஊத்துச்சு. இன்சூரன்ஸுக்கு இன்னிக்கே போய் எழுதிக் கொடுத்துட்டேன், 12ஆவது நாள். பாயெல்லாம் மாடியில காயுது. அம்மா போன தடவை திரும்பி வரும்போது அய்யம்பேட்டை தாண்டறதுக்குள்ள பின் சீட்ல தூங்கிட்டாங்க. வீடு வந்தப்புறமும் எழுப்ப மனசு வராம, கதவைத் திறந்து வெச்சுட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். நாளைக்கு மறுபடி போகணும், காலையில 6 மணிக்கு.