கட்டட அனுமதி மறுப்பு: மேல்முறையீட்டுக்கான 40 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது?

செம்பூர்வாசி:
அனைவருக்கும் வணக்கம். மும்பை செம்பூரில் என் தந்தையார் கட்டிய தரைத்தள வீட்டின் மேல் ஒரு மாடி எழுப்ப, ஆர்க்கிடெக்ட் மூலம் ஜூன் 10 அன்று மாநகராட்சியிடம் விண்ணப்பித்தோம். ஜூலை 18 அன்று கூடுதல் விவரம் கேட்டார்கள். ஆகஸ்ட் 5 அன்று பதில் கொடுத்து, நகலில் ஆவக் முத்திரையும் (கடிதம் பெற்றுக்கொண்டதற்கான அலுவலக முத்திரை) வாங்கிக்கொண்டோம். அதன்பின் நேரில் போனபோதெல்லாம் அடுத்த வாரம் வரச் சொன்னார்கள். கிழக்குப் பக்கக் காலியிடம் போதாது என்று மறுத்து, செப்டம்பர் 22 தேதியிட்ட மராத்திக் கடிதம் அக்டோபர் 3 அன்று கைக்கு வந்தது. முடிவு சொல்லாமல் 60 நாள் கடந்தாலே அனுமதி கிடைத்ததாகப் பொருள் என்கிறார் மேஸ்திரி. அப்பாவால் படியேற முடியாது. அவர் கீழே இருக்க, நாங்கள் மேலே குடியிருக்கத்தான் இந்த மாடி. வேலையைத் தொடங்கலாமா?

சயான் வரைவாளர்:
தயவுசெய்து ஒரு செங்கல்கூட வைக்காதீர்கள். மகாராஷ்டிர மண்டல, நகரத் திட்டமிடல் சட்டம் 1966-இன் 45ஆம் பிரிவில் அந்த 60 நாள் கணக்கு இருப்பது உண்மைதான். ஆனால் இடையில் விவரம் கேட்டிருந்தால், நீங்கள் பதில் கொடுத்த நாளிலிருந்துதான் அதை எண்ண வேண்டும். ஆகஸ்ட் 5-இலிருந்து எண்ணினால் அக்டோபர் 4 வரை ஆகிறது. கடிதமோ முந்தைய நாளே வந்துவிட்டது. தவிர, வரைபடம் விதிகளுக்கு முழுமையாக உட்பட்டிருந்தால்தான் அந்தச் சலுகை பொருந்தும். அதை நம்பிக் கட்டியவர்கள் இடிப்பு நோட்டீஸோடு என்னிடம் வந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன், மனம் பொறுக்கவில்லை.

உங்களுக்கு உரிய வழி 47ஆம் பிரிவு. முடிவு தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து 40 நாளுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். மும்பையில் அது மாநில அரசின் தலைமைச் செயலகமான மந்திராலயத்தில் உள்ள நகர்ப்புற வளர்ச்சித் துறைக்குப் போகும். கடிதம் கிடைத்த நாளை வைத்தால் நவம்பர் 12 வரை அவகாசம் உண்டு. ஆனாலும் கடிதத் தேதியை வைத்தே எண்ணி, நவம்பர் 1-க்குள் கொடுத்துவிடுங்கள். பிறகு தேதியைப் பற்றி யாரும் வாதாட இடமிருக்காது. தபால் முத்திரை பதிந்த உறையைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முலுண்டு சகோதரி:
மனு எழுதுமுன் ஒன்றைப் பாருங்கள், தம்பி. அவர்கள் சொல்லும் குறை மெய்யா? மெய்யென்றால் மேல்முறையீட்டில் மாதக்கணக்காகக் காத்திருப்பதைவிட, வரைபடத்தைத் திருத்திப் புதிதாக விண்ணப்பிப்பதே விரைவில் முடியும். எங்கள் வீட்டில் அப்படித்தான் சமையலறைச் சுவரை உள்ளே தள்ளி அனுமதி வாங்கினோம். குறை பொய்யென்றால் விட்டுக்கொடுக்காதீர்கள். விசாரணையில் உங்கள் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டிக் கோப்புக் குறிப்பின் நகலையும் கேளுங்கள். அதற்கே 30 நாள் ஆகலாம் என்பதால், அது வரட்டும் என்று மனுவை நிறுத்தி வைக்க வேண்டாம்.

செம்பூர்வாசி:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை ஆர்க்கிடெக்ட்டும் நானும் டேப் பிடித்து அளந்தோம். கிழக்குப் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு மேல் முன்பு ஒரு தகரக் கூரை இருந்தது. அதன் விளிம்பிலிருந்து மதில்வரை அளந்திருக்கிறார்கள். கூரையை விண்ணப்பத்துக்கு முன்பே எடுத்துவிட்டோம். கம்பம் நட்ட நான்கு குழிகள் மட்டும் சிமெண்ட் பூசியபடி தெரிகின்றன. சுவரிலிருந்து அளந்தால் தேவையான இடம் இருக்கிறது. குழிகளையும் டேப்பையும் சேர்த்துப் படமெடுத்தாயிற்று, மேல்முறையீடே செய்கிறோம்.