நடு வால்வைத் திருப்பியது யார்?

குழு: குன்னூர் வீடு
சனிக்கிழமை, காலை 7.12

அம்மா: ஷவரில் மறுபடியும் வெள்ளை வெள்ளையாகப் படிகிறது. நேற்று துவைத்த துண்டு அப்பளம் மாதிரி விறைத்து நிற்கிறது.

அண்ணன்: கடினத் தண்ணீரை மென்மையாக்க சாஃப்ட்னர் மிஷின் இருக்கும்போது எப்படிம்மா? உப்பு போட்டீர்களா?

அம்மா: போடாமலா? உப்பு ஒழுங்காகக் குறைகிறது. நேற்று சர்வீஸ் பையன் வந்து பார்த்தான். உப்பு போகிறது, தண்ணீர் மாறவில்லை, அப்படியென்றால் உள்ளே தண்ணீரை மாற்றும் ரெசின் மணிகள் போய்விட்டன என்கிறான். மாற்ற 9,000 ரூபாயாம்.

அண்ணன்: வாங்கி இரண்டு வருடம்கூட ஆகவில்லையே!

அண்ணி: அத்தை, எதற்கும் சின்ன மாமாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

காலை 7.40

சித்தப்பா: அண்ணி, பணம் கொடுத்துவிடாதீர்கள். மிஷினுக்குப் பின்னால் மூன்று வால்வு இருக்கிறதல்லவா, மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்கள்.

அம்மா: (போட்டோ) ஒட்டடையைப் பார்க்காதீர்கள்.

சித்தப்பா: நினைத்தேன். கைப்பிடி பைப்போடு சேர்ந்து நின்றால் வால்வு திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. நடுவில் இருப்பது பைபாஸ், தண்ணீர் மிஷினுக்குள் போகாமல் தாண்டிப் போகும் வழி. அது குறுக்கே நிற்க வேண்டியது, இப்போது பாதி சாய்ந்து நிற்கிறது.

நான்: பாதிதானே சித்தப்பா, அதற்கா இவ்வளவு?

சித்தப்பா: தண்ணீர் சுலபமான வழியைத்தான் பார்க்கும். மிஷினுக்குள் போனால் ரெசின் மணிகளுக்கு நடுவே நெருக்கியடித்துப் போக வேண்டும். பைபாஸ் வெறும் பைப். பெரும்பகுதி அப்படியே டேங்குக்கு ஏறியிருக்கும். டைமர் மட்டும் தன் பாட்டுக்கு ராத்திரியில் உப்புத் தண்ணீரை இழுத்து ரெசினைக் கழுவிக்கொண்டிருந்திருக்கிறது. உப்பு குறைந்தது அதனால்தான். நடு வால்வு முழுதாகத் திறந்து பக்கத்து இரண்டும் மூடியிருந்தால் உப்பே குறையாது, அப்போது அந்தப் பையனும் கண்டுபிடித்திருப்பான். ஓட்டல் வேலையில் இருந்தபோது பாய்லர் தண்ணீரில் இதே கூத்து, மூன்று நாள் தேடினோம்.

அண்ணன்: சரி, திருப்பியது யார்?

அப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அண்ணி: மாமா, நான் படித்துவிட்டேன் 😄

அப்பா: பட்டர் பீன்ஸுக்குத் தண்ணீர் விட்டேன். மிஷின் தண்ணீர் செடிக்கு ஆகாது என்று தம்பிதான் சொன்னான். திரும்ப மூடிவிட்டதாகத்தான் நினைத்தேன். வால்வு ஒரே இறுக்கம்.

சித்தப்பா: அண்ணா செய்ததில் தப்பில்லை. சாஃப்ட்னர் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகிறது. நம் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 480 மில்லிகிராம் என்று வந்ததல்லவா, அது முழுதும் மாறினால் லிட்டருக்கு ஏறக்குறைய 220 மில்லிகிராம் சோடியம் சேரும். பீன்ஸுக்கும் ஆகாது, பிரஷர் மாத்திரை போடும் அண்ணாவுக்கும் ஆகாது. தோட்டத்துக் குழாயை மிஷினுக்கு முன்னாலேயே பிரித்துவிடலாம். ஒரு ‘T’ ஜாயின்ட்டும் கொஞ்சம் பைப்பும் போதும். தினம் வால்வோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

அம்மா: குடிக்க நகராட்சித் தண்ணீர்தான் பிடித்து வைக்கிறேன். அது சம்பில் நிறைகிற நாளில் என்ன செய்ய? அந்த ரேலியா அணைத் தண்ணீரில் சோப்பு போட்டால் நுரை போகவே மாட்டேன் என்கிறது. அதையும் மிஷினில் விடுவதா?

சித்தப்பா: வேண்டவே வேண்டாம், உப்புதான் வீண். அதற்குத்தானே பைபாஸ்! முதலில் நடு வால்வை முழுதாகத் திறங்கள், அப்புறம் பக்கத்து இரண்டையும் மூடுங்கள். மோட்டார் ஓடும்போது மூன்றையும் மூடி வைத்தால் ஏதாவது ஜாயின்ட் பிய்த்துக்கொள்ளும். போர் தண்ணீருக்கு மாறும்போது உள்ளே வரும் வால்வை மெல்லத் திறங்கள், அடுத்து வெளியே போகும் வால்வு, கடைசியில் நடுவை மூடுங்கள். மழைக்காலத்தில் பல நாள் பைபாஸிலேயே கிடந்தால் உள்ளே தேங்கின தண்ணீர் நாறும். அப்போது கையால் ஒரு தடவை ரீஜெனரேஷன், அதாவது அந்த உப்புத் தண்ணீர்க் கழுவல், போட்டுவிட்டுத்தான் டேங்குக்கு விட வேண்டும்.

அண்ணன்: இதை எழுதி மிஷின் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அப்பா: ஒட்டினால் யார் படிப்பது?

காலை 9.25

அம்மா: மூடிவிட்டேன். அரை மணி நேரம் மோட்டார் போட்டேன். குழாயில் இன்னும் நுரைக்கவில்லையே?

சித்தப்பா: டேங்கிலும் கீசரிலும் பழைய தண்ணீர் இருக்கிறது அண்ணி. அது தீரட்டும். சாயங்காலம் ஒரு பாட்டிலில் பாதித் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு திரவ சோப்பு விட்டுக் குலுக்கிப் பாருங்கள்.

மாலை 6.05

அம்மா: பாட்டில் முழுக்க நுரை. அந்தப் பையனுக்கு போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அண்ணி: மாமா, நடு வால்வில் ஒரு சிவப்பு நாடா கட்டிவிடுங்கள்.

அப்பா: கட்டியாயிற்று. பீன்ஸ் முக்கால் கிலோ தேறும், யாருக்கு வேண்டும்?

அண்ணன்: எனக்கு!

நான்: எனக்கு!

அம்மா: உங்கள் சித்தப்பாவுக்கென்று எடுத்து வைத்தாயிற்று.